கப்பலேறுமுன் ஒரு நாள்

பிரயாணம் என்றதும் நம்மவர் முதலில் நினைப்பது பெட்டியை. எங்கே போகின்றோம், எத்தனை நாள் தங்குகின்றோம் என்பனவெல்லாம் பின்னர்தான். வாசலில் அடுக்கி வைத்த பெட்டிகளின் தொகையைக் கொண்டே அயலவர் பிரயாணத்தின் பெருமையை அளந்துவிடுவர். இந்த வழக்கம் எம் இல்லத்திலும் நெடுநாள் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் ஆகிய தீவுகளுக்குக் கப்பலிற் சென்று மீண்ட பின்னரே அது எம்மை விட்டு நீங்கிற்று. அது நீங்கிய விதத்தையும், கப்பலேறுமுன் சிங்கப்பூரில் எமக்குக் கிடைத்த ஒரு நாளை வகுத்துக் கொண்ட முறையையும் இங்கே எழுதுகின்றோம். விடுமுறைக்குக் குடும்பத்துடன் புறப்பட எண்ணும் வாசகர்களுக்கு இது பயன்படலாம்.

இந்தப் பிரயாணத்துக்குக் காரணமாயிருந்தவர் எம் அன்னையார். எண்பதை நெருங்கும் அவர் பிறந்தது மலாயாவில். அவருடைய தந்தையார் அங்கே புகையிரதப் பகுதியில் லிகிதராக உத்தியோகம் பார்த்தவர். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பிறாய் நிலையத்தில் அவருக்கு வேலை. 1952ஆம் ஆண்டு, அன்னையாருக்கு ஆறு வயதாயிருந்தபோது, தாயுடனும் தம்பியுடனும் அவரைப் பினாங்கிற் கப்பலேற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி வைத்தார் தந்தையார். இளைப்பாறும் காலத்திற் பென்ஷனோடு ஊருக்கு வருவதாகச் சொன்னவர், மறு ஆண்டே அங்கே காய்ச்சலிற் காலமானார். அந்தத் துறைமுகத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்பது அன்னையாரின் நெடுநாள் ஆசை. அவர் அதை எம்மிடம் வாய்விட்டுச் சொன்னது ஒரே ஒரு முறைதான்.

பயணச்சீட்டு எடுக்கும்போது முதலில் எழுந்த கேள்வி, கப்பல் புறப்படும் அன்றே சிங்கப்பூருக்குப் போவதா, முதல் நாளே போவதா என்பது. கொழும்பிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரந்தான். காலையிற் போய் இறங்கி மாலையிற் கப்பலேறினால் விடுதிச் செலவு மிச்சமாகும் என்றார் எம் துணைவியார். கணக்கு சரியே. ஆயின் விமானத்தைத் தவறவிட்டால் அடுத்த விமானம் உண்டு. கப்பலைத் தவறவிட்டால் அடுத்த கப்பல் கிடையாது. அது புறப்படுவதற்கு ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ முன்னதாகவே ஏறும் வாயிலை மூடிவிடுவார்கள். அடுத்த துறைமுகத்திற் போய்ப் பிடிக்கலாம் என்றாலோ, அது வேறொரு நாடு. அதற்கான விசாவும் விமானச் சீட்டும் அந்த நேரத்தில் யாரிடம் இருக்கும்? ஆகவே ஒரு நாள் முந்திப் போவதே தக்கது என்று தீர்மானித்தோம். அந்த ஒரு நாளுக்குச் செலுத்தும் விடுதி வாடகையைப் பிரயாணத்துக்குச் செய்து கொள்ளும் காப்புறுதி என்றே நாம் கருதினோம்.

இனிப் பெட்டி விஷயம். புறப்படுவதற்கு மூன்று நாளைக்கு முன் கூடத்திற் பாயை விரித்து, கொண்டுபோக விரும்பும் பொருள்களை எல்லோரும் அதன்மேல் வைக்கும்படி சொன்னோம். சற்று நேரத்திற் பாய் மறைந்துவிட்டது. துணைவியாரின் பட்டுச்சேலைகள் நான்கு, சப்பாத்துச் சோடிகள் ஏழு, மின்னழுத்தி, தலைமயிர் உலர்த்தும் கருவி, மகனின் பந்து, மகளின் கனத்த புத்தகங்கள் மூன்று, இவற்றோடு மாமி கொடுத்தனுப்பிய புழுக்கொடியற் பொட்டலங்களும் எள்ளுருண்டைப் பேணியும். அன்னையாரின் பங்கு மாத்திரம் பாயின் ஒரு மூலையில் அடங்கிற்று. இரண்டு வொயில் சேலைகள், ஒரு சால்வை, ஒரு துவாய், குளிசைப் பை.

"உங்களுடையது எங்கே அம்மா?" என்று கேட்டோம்.

"உதுதான் என்னுடையது. இதுக்கு மேலை எனக்கு என்ன வேணும்?" என்றார்.

அன்னையாருக்குப் பொதி கட்டத் தெரியும். தெரிய வைத்தது காலம். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தபோது, மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்த சனத்திரளில் அவரும் ஒருவர். வீட்டுக் கதவைப் பூட்டுவதற்கு முன் அவருக்குக் கிடைத்தது சில மணி நேரமே. காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், கொஞ்சம் அரிசி, ஒரு மாற்றுச் சேலை ஆகியவற்றையே அவர் எடுத்தார். மலாயாவிலிருந்து தந்தையார் கொடுத்தனுப்பிய தகரப் பெட்டியை எடுக்க முடியவில்லை. பச்சை வர்ணம் பூசிய, ஒரு முழத்துக்குச் சற்றே நீண்ட பெட்டி அது. மாதங்கள் கழித்துத் திரும்பியபோது வீட்டில் அது இருக்கவில்லை.

அத்தகைய ஒருவர் எம் பாயின் முன்னால் அமர்ந்து, ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து மூன்று கேள்விகள் கேட்டார். "இது இல்லாட்டில் ஒரு நாளைக்குச் சமாளிக்கேலாதோ? போற இடத்திலை வாங்கேலாதோ? இதை ஆர் தூக்கிறது?" முதலிரண்டு கேள்விகளுக்கும் எம்மவர் விடை வைத்திருந்தனர். மூன்றாவது கேள்விக்கு எவரிடமும் விடை இல்லை. பாயிலிருந்த பொருள்கள் ஒவ்வொன்றாக அலுமாரிக்குத் திரும்பின.

இம்முறையில் நாம் கற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 137 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கின்றது. அங்கும் பினாங்கிலும் ஆண்டு முழுவதும் வெப்பம் நம் கொழும்பைப் போன்றதே. ஆதலின் கனத்த உடை எதுவும் வேண்டியதில்லை. தடித்த பருத்தித் துணி ஈரக்காற்றில் உலர நாளெடுக்கும். வொயில் போன்ற மெல்லிய துணியை இரவில் அலசிப் போட்டால் காலையில் உடுக்கலாம். மூன்று மாற்றுடை இருந்தால் ஐந்து நாள் அல்ல, பதினைந்து நாளும் சமாளிக்கலாம். ஒருவருக்கு ஒரு சாரம் அவசியம். உடுக்கவும், துவட்டவும், விரிக்கவும், போர்க்கவும் அது ஒன்றே போதும். வெளியில் வெப்பமாயினும் கப்பலின் உள்ளே குளிரூட்டியின் கடுமை உண்டு. ஆகையாற் சால்வையை மறக்கலாகாது. பின்வாருள்ள செருப்பு ஒரு சோடி வேண்டும். சில தீவுகளிற் பெரிய கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்தில் நங்கூரமிட்டு, சிறு படகுகளிற் பிரயாணிகளை இறக்கும். படகிலேறி இறங்குகையிற் காலை விட்டுக் கழலாத செருப்பே நல்லது. மின்னழுத்தியைக் கப்பலிற் பொதுவாக அனுமதிப்பதில்லை. தீ விபத்தைக் குறித்த அச்சமே காரணம். வீட்டிற் சமைத்த உணவையும் அநேகமாக ஏற்றவிடார். எனவே எள்ளுருண்டைப் பேணியின் கதை அன்றிரவே வீட்டில் முடிந்தது.

பொருள்களை மூன்று அடுக்காகப் பிரித்தோம். கடவுச்சீட்டு, பணம், பயணச்சீட்டு ஆகியவை உடலோடு அணியும் சிறு பையில். குளிசைகள், வைத்தியரின் மருந்துச் சிட்டை, இரண்டு மாற்றுடை, பற்பசை, கைத்தொலைபேசியின் மின்னேற்றி என்பன கைப்பையில். கைத்தொலைபேசிக்கு மின்சாரம் சேமித்து வைக்கும் கலத்தையும் கைப்பையிலேயே வைக்க வேண்டும். விமானத்தின் அடிப்பகுதிக்குப் போகும் பெட்டியில் அதை வைப்பதற்குத் தடையுண்டு. குளிசைகளை அவற்றின் உறையோடு கொண்டு செல்வது நன்று. இவை நீங்கலாக எஞ்சியவற்றுக்கு ஐவருக்கும் பொதுவாக ஒரேயொரு பெரிய பெட்டி. அதனுள்ளே துணைவியாரின் பட்டுச்சேலைகளில் இரண்டு, எம் கோட்டு, மேலதிகச் சப்பாத்துகள் ஆகியன அன்னையாரின் மூன்று கேள்விகளுக்கும் தப்பிப் புகுந்துகொண்டன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்தது சிங்கப்பூர் நாளுக்கான திட்டம். மகன் ஒரு பட்டியல் எழுதி வந்தான். கடற்கரைப் பூங்கா, மிருகக்காட்சிச்சாலை, செந்தோசாத் தீவு, தாவரவியற் பூங்கா, நூதனசாலை என்று பதினொரு இடங்கள். பட்டியலை அன்னையாரிடம் வாசித்துக் காட்டி, "அப்பம்மா, உங்களுக்கு எது விருப்பம்?" என்று கேட்டான்.

"எனக்குக் களைக்காமல் பினாங்குக்குப் போய்ச் சேரவேணும், ராசா. அது போதும்," என்றார் அவர்.

அந்த வார்த்தையே எம் திட்டத்துக்கு அடிப்படையாயிற்று. இரு பிரயாணங்களுக்கு இடையில் விழும் நாளை ஊர் பார்க்கும் நாள் என்று பலரும் எண்ணுகின்றனர். அதன் முதல் வேலை, வந்த களைப்பை நீக்கி அடுத்த பிரயாணத்துக்கு உடலைத் தயாராக்குவது. கூட்டத்தில் மிகவும் தளர்ந்தவர் யாரோ, அவருடைய நடைக்கே அந்த நாளை அளக்க வேண்டும். நள்ளிரவு கடந்து புறப்படும் விமானம் காலையிற் போய்ச் சேரும். அங்கே கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடும். எனவே அங்கே காலை ஏழரை என்றால் உடம்புக்கு அது விடியற்காலை ஐந்து மணி. இவற்றைக் கருதி, காலையில் விடுதிக்கு அருகில் ஓரிடம், நண்பகலில் உறக்கம், மாலையில் ஓரிடம், இரவில் நேரத்தோடு படுக்கை என்று வகுத்தோம். எஞ்சிய ஒன்பது இடங்களில் ஒன்றைத் திரும்பும் நாளில் தருவதாக மகனுக்கு வாக்களித்தோம்; கப்பல் காலையில் வந்து சேரும், விமானம் இரவில்தான் என்பதால் அந்தப் பகலும் எமக்கு உரியதாயிருந்தது.

சிங்கப்பூருக்குச் செல்வோர் வருகைக்கு முன் மூன்று நாட்களுக்குள் தம் விபரங்களைக் கணினி வழியாகப் பதிய வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. அதையும் முடித்துக்கொண்டு, குறித்த இரவிற் புறப்பட்டோம்.

சாங்கி விமான நிலையத்தில் இறங்கிப் பொதிகள் சுழன்று வரும் இடத்திற் காத்து நின்றோம். பொதிகள் வந்தன, மக்கள் எடுத்துச் சென்றனர், பட்டை வெறுமையாகச் சுழன்றது. எம் பெரிய பெட்டி வரவில்லை. துணைவியாரின் முகம் வாடியது. விசாரித்ததிற் பெட்டி எம்முடன் விமானத்தில் ஏறவேயில்லை என்று தெரிந்தது. பிந்திய விமானத்தில் வரும், விடுதிக்கு அனுப்புவோம் என்று விமான சேவையார் சொன்னார்கள். நிலையத்தை விட்டு வெளியேறுமுன் முறைப்பாட்டை எழுத்திற் பதிவித்து, அதன் பிரதியையும் பொதியின் துண்டுச்சீட்டையும் பத்திரப்படுத்திக் கொண்டோம். இத்தகைய வேளையில் எவரும் செய்ய வேண்டியது இதுவே. வெளியே வந்த பின்னர் முறையிடுவது கடினம்.

இதற்குள் அன்னையார் தம் கைப்பையைத் திறந்து காலைக் குளிசையை விழுங்கிவிட்டு, "இப்ப என்ன குறைஞ்சு போச்சு? வாருங்கோ, தேத்தண்ணி குடிப்பம்," என்றார். எண்ணிப் பார்த்தோம். மருந்து இருக்கின்றது, உடை இருக்கின்றது, கடவுச்சீட்டு இருக்கின்றது. உண்மையிற் குறைந்து போனது எதுவுமில்லை.

எம் விடுதி சிராங்கூன் வீதிக்கு அருகில் இருந்தது. கடைகளின் முன்னால் ஓடும் தாழ்வாரத்தை அங்குள்ள தமிழர் 'அஞ்சடி' என்கின்றனர். கடைக்கு முன் மூடிய நடைபாதை விட வேண்டும் என்று ராபிள்ஸ் துரை 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்தில் விதித்ததன் எச்சம் அது. வெயிலுக்கும் மழைக்கும் வெறுங்கையோடு நடப்பவருக்கு அதனினும் நல்ல பாதை இல்லை. இட்டலியும் சாம்பாரும் உண்டு, மல்லிகைச் சரம் தொடுப்போரைப் பார்த்தவாறு நடந்து, வீரமாகாளியம்மன் கோயிலிற் கும்பிட்டோம். 1881ஆம் ஆண்டளவில் எழுந்த கோயில் அது. சிங்கப்பூரின் நான்கு அரசகரும மொழிகளில் ஒன்று தமிழ். நிலத்தடிப் புகையிரத நிலையத்தின் எச்சரிக்கைப் பலகையில் நம் எழுத்தைக் கண்டு மகள் அதை உரத்து வாசித்தாள். தெருக்கடையொன்றில் எமக்கு ஒரு சோடி செருப்பு வாங்கினோம். காணாமற் போன பெட்டிக்கு ஈடாக நாம் வாங்கியது அது ஒன்றே.

நண்பகலில் அறை கிடைத்தது. அனைவரும் உறங்கினோம். இரண்டு மணியளவில் இடியோடு மழை கொட்டிற்று. அங்கே பிற்பகல் மழை அடிக்கடி நிகழ்வது. பட்டியலிலுள்ள இடங்களைத் தேடி அலைந்திருந்தால் அம்மழையை அன்னையாரின் தலையில் வாங்கியிருப்போம்.

மாலையிற் கத்தோங் பகுதிக்குச் சென்றோம். அங்கே இலங்கை வீதி என்று பொருள்படும் பெயரோடு ஒரு தெரு உண்டு. அத்தெருவில் செண்பக விநாயகர் கோயில் இருக்கின்றது. 1850களிற் செண்பக மரமொன்றின் அருகே கிடைத்த பிள்ளையார் சிலையை வைத்து வழிபடத் தொடங்கியதே இக்கோயிலின் தோற்றம் என்பர். அதை வளர்த்தவர்கள் நம் நாட்டுத் தமிழர்.

நம் மாணவர்கள் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நல்லது. மலாயாவின் முதலாவது புகையிரதப் பாதை, தைப்பிங்கிலிருந்து துறைமுகத்துக்கு, 1885ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதை அமைக்கும் வேலைக்கு இலங்கையிலிருந்து தொழிற்படையினர் கொண்டு செல்லப்பட்டனர். பாதைகள் பெருகப் பெருக, ஆங்கிலம் கற்ற லிகிதர்களும் நிலைய அதிபர்களும் நில அளவையாளர்களும் தேவைப்பட்டனர். யாழ்ப்பாணத்து இளைஞர் நூற்றுக்கணக்கிற் கப்பலேறினர். நம் கிராமங்களில் 'மலாயன் பென்ஷனியர்' வீடு என்று ஒன்றாவது இல்லாத ஊர் அரிது. வட்டுக்கோட்டையில் 1915ஆம் ஆண்டு பிறந்த எஸ். இராஜரத்தினம், சிங்கப்பூர் 1965இல் தனிநாடானபோது அதன் முதல் வெளிநாட்டமைச்சரானார்; அந்நாட்டுப் பாடசாலைகளிற் பிள்ளைகள் கூறும் உறுதிமொழியை 1966இல் வரைந்தவரும் அவரே.

கோயில் வீதியில் அன்னையார் இளைப்பாறியபோது, அருகில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், "ஊரிலை எவடம்?" என்று கேட்டார். அவர் பிறந்தது சிங்கப்பூரில். அவருடைய தாயாரும் அங்கேயே பிறந்தவர். எனினும் அந்தக் கேள்வி மாத்திரம் கப்பலேறி வந்தபடியே இருந்தது. இருவரும் ஒரு மணி நேரம் பேசினர். எம் பிள்ளைகளுக்கோ துணைவியாருக்கோ அவசரமில்லை. பார்க்க வேண்டிய வேறு இடம் எதுவும் அன்றைய திட்டத்தில் இல்லை. பட்டியலை ஒடுக்கியதன் பயனை அப்போதுதான் முழுமையாக உணர்ந்தோம்.

மறுநாள் முற்பகல் வரையும் பெட்டி வரவில்லை. மரீனா தென்துறை நிலையத்தில் இறங்கி, 2012இல் திறக்கப்பட்ட கப்பற்றுறைக்கு நடந்து சென்றோம். பெரும் பெட்டிகளோடு வந்தவர்கள் அவற்றை வாயிலில் ஒப்படைத்தனர். அவை அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும். அதுவரை உடைமாற்றவும் முடியாது. எமக்கு அந்தக் கவலை இல்லை. கப்பலின் அறை ஒடுக்கமானது. ஐந்து கைப்பைகளையும் கட்டிலின் கீழே தள்ளிவிட்டு மேற்றளத்துக்குப் போய், நகரம் மெல்ல விலகுவதைப் பார்த்து நின்றோம். இராப்போசனத்துக்குத் துணைவியார் பட்டு இல்லாமல் நூற்சேலையிற் சென்றார். எவரும் வேறுபாடாக நோக்கவில்லை. மலாக்கா நீரிணை இரு புறமும் நிலத்தால் அணைக்கப்பட்டது. அன்றிரவு கப்பல் ஆடியதே தெரியவில்லை.

மறுநாட் பிற்பகல் பினாங்கு வந்தது.

கப்பல் சுவெட்டன்ஹாம் துறையில் நேரே கரையைத் தொட்டது. நாம் வாடகைக் காருக்குப் பேசப் போனபோது அன்னையார், "வேண்டாம், நடந்து போவம். நேற்றும் முந்தநாளும் நல்லாய் நித்திரை கொண்டனான்," என்றார். துறையை விட்டு வெளியேறியதும் விக்டோரியா மகாராணியின் அறுபதாண்டு ஆட்சியின் நினைவாக ஆண்டுக்கு ஓரடியாக அறுபதடி உயரத்தில் எழுப்பிய மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கின்றது. அதைக் கடந்து கடலோரமாகச் சென்றால் இன்னொரு மணிக்கூட்டுக் கோபுரத்தோடு கூடிய பெரிய வெள்ளைக் கட்டடம். 1907இல் மலாயப் புகையிரதப் பகுதிக்காகக் கட்டியது. தண்டவாளம் இல்லாத புகையிரத நிலையம் அது. பினாங்கு தீவாகையால் இங்கே சீட்டு வாங்கி, ஓடத்திற் கடலைக் கடந்து, எதிர்க்கரையிலே வண்டியேற வேண்டும். 1985இற் பாலம் திறந்து காலம் மாறிற்று. இப்போது கட்டடத்தில் இருப்பது சுங்கப் பகுதி.

அன்னையார் வீதியின் மறுபுறத்தில் நின்று கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார். பின்னர், அறுபது எழுபது ஆண்டுகளாக எமக்குச் சொல்லாதிருந்த ஒன்றைச் சொன்னார்.

"ஐயா எங்களை இதாலைதான் கூட்டிக்கொண்டு போனவர். ஒரு கையிலை அந்தத் தகரப் பெட்டி. மற்றக் கையிலை தம்பி. எனக்குப் பிடிக்கக் கை இல்லை. சேட்டு நுனியைப் பிடிச்சுக்கொண்டு பின்னாலை ஓடினனான். கப்பலிலை ஏறினாப் பிறகு பெட்டியை வைச்சிட்டு என்ரை கையைப் பிடிச்சவர். உடனை மணி அடிச்சுப்போட்டாங்கள்."

அவர் அழவில்லை. எம் மகள் அருகிற் சென்று அவருடைய வலக்கையைப் பற்றிக் கொண்டாள். மகன் தானாகவே மற்றக் கையைப் பிடித்தான். எம் கைகளில் பெட்டி எதுவும் இருக்கவில்லை. வெயில் தாழும் வரை அந்தக் கடலோரத்தில் எதிர்க்கரையைப் பார்த்திருந்து, மெல்ல நடந்து கப்பலுக்குத் திரும்பினோம்.

புக்கெட் தீவின் கடற்கரைகளைப் பிள்ளைகள் கண்டு களித்தனர்; படகேறி இறங்க வேண்டியிருந்தமையால் அன்னையார் கப்பலிலேயே இளைப்பாறினார். ஐந்தாம் நாட் காலை சிங்கப்பூருக்கு மீண்டு, மகனுக்கு வாக்களித்தபடி தாவரவியற் பூங்காவுக்குப் போனோம். 1859இல் தொடங்கிய அப்பூங்காவை 2015இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தலமாக ஏற்றது. இங்கிலாந்திலிருந்து 1876இல் நம் நாட்டுக் கம்பகாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு இறப்பர் நாற்றுகள் வந்தன. மறு ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூருக்குச் சென்றன. பின்னர் பூங்காவின் தலைவராயிருந்த ரிட்லி என்பவர் மரத்தைக் கெடுக்காமற் பால் எடுக்கும் முறையைக் கண்டார். இறப்பர் பெருகிற்று; புகையிரதப் பாதைகள் நீண்டன; லிகிதர்கள் தேவைப்பட்டனர். "அப்பம்மாவின் ஐயா இங்கே வந்தது இந்த மரத்தாலேதானா?" என்று மகன் வியந்தான். பதினொரு இடங்களை ஒரே நாளில் ஓடிப் பார்த்திருந்தால் அவனுக்கு அந்தக் கேள்வி எழுந்திராது.

பெட்டியோ, நாம் கப்பலேறிய அன்று மாலையே விடுதிக்கு வந்து எமக்காகக் காத்திருந்தது. திறவாமலே அதை ஊருக்குக் கொண்டு வந்தோம். வீட்டிலே திறந்து உள்ளிருந்த பட்டுச்சேலைகளையும் கோட்டையும் சப்பாத்துகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார் துணைவியார். ஐந்து நாளில் அவற்றுள் ஒன்றையேனும் நாம் தேடியதில்லை.

வாசகர்களே, நீங்களும் இத்தகைய பிரயாணம் ஒன்றுக்கு ஆயத்தமாகும்போது, கப்பலுக்கு முந்திய ஒரு நாளை உங்களுக்கென்று ஒதுக்கிக் கொள்ளுங்கள். அந்த நாளில் இரண்டு இடங்களுக்கு மேற் குறியாதீர்கள். மருந்தையும் கடவுச்சீட்டையும் மாற்றுடையையும் கையை விட்டு நீக்காதீர்கள். எஞ்சிய ஒவ்வொரு பொருளையும் எடுத்து வைக்குமுன், இதைத் தூக்குபவர் யார் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். வீட்டிலுள்ள முதியவரையும் சிறுவரையும் கூட்டிச் செல்வோருக்கு ஒரு கையேனும் வெறுமையாக இருத்தல் வேண்டும்.